சிலிக்கானா, வெற்றிடக் குழாயா: விண்துகள் ஆய்வுக்கு ஒளியுணரியைத் தேர்ந்தெடுப்பது

விண்துகள் ஆய்வில் மூல நிகழ்வு எதுவாக இருந்தாலும், கடைசியில் கருவியின் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒளிதான். காற்று மண்டலத்தில் புகுந்த காமாக் கதிர் கிளப்பும் செரென்கோவ் மின்னல் (ஓர் ஊடகத்தில் ஒளியைவிட வேகமாக ஓடும் துகள்கள் உமிழும் நீல ஒளி), நியூட்ரினோ மோதிய நீரில் எழும் ஒளிவளையம், திரவ ஆர்கானில் ஓர் அணுக்கரு உதைபடும்போது வரும் புற ஊதா மினுக்கம். எல்லாமே ஒளித்துகளான ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய அளவுக்கு மங்கலானவை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்து வந்தது, ஆய்வகங்களில் பிஎம்டி என்று அழைக்கப்படும் போட்டோமல்டிப்ளையர் குழாய். இந்த நூற்றாண்டில் அதற்கு எதிரே வந்து நிற்பது சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர், சுருக்கமாக எஸ்ஐபிஎம்.

புதிதாக ஓர் ஆய்வுக் கருவியைத் திட்டமிடும் குழுவின் முன் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பழகிய பிஎம்டியோடு போகலாம். கேட்லாக்கில் இருக்கும் எஸ்ஐபிஎம்மை வாங்கலாம். ஒரு சிப் ஆலையோடு சேர்ந்து தன் தேவைக்கென்றே சிலிக்கானை வடிவமைக்கலாம். அல்லது, ஒவ்வொரு நுண்கலத்துக்கும் தனி மின்னணுச் சுற்று வைக்கும் டிஜிட்டல் வகையை நோக்கி நகரலாம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த உணரியை வைத்தாலும் போகாத இரைச்சல் ஒவ்வோர் ஆய்விலும் ஒன்று இருக்கும். அதை முதலில் அளந்துகொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். பலரும் கண்டறியும் திறனின் சதவீதத்தை வைத்து இந்த விவாதத்தைத் தொடங்குகிறார்கள். அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி.

இரண்டும் வேலை செய்யும் விதம்

பிஎம்டியில் ஃபோட்டான் ஒளிமின் பூச்சில் விழுந்து ஓர் எலக்ட்ரானைப் பெயர்க்கிறது. ஆயிரம் முதல் இரண்டாயிரம் வோல்ட் வரையான மின்னழுத்தம் அந்த எலக்ட்ரானை டைனோடு தகடுகளின் வரிசையில் மோத வைக்கிறது. மோதலுக்கு மோதல் எலக்ட்ரான்கள் பெருகி, முடிவில் பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும் ஆகின்றன. பூச்சின் குவாண்டம் திறன் சாதாரணமாக 25 சதவீதம் அளவில் இருக்கும். மேம்பட்ட வகைகளில் 35 சதவீதமும் அதற்கு மேலும் கிடைக்கும்.

எஸ்ஐபிஎம் ஒரு சிலிக்கான் சில்லு. 6 மில்லிமீட்டர் சதுரச் சில்லில் 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கலங்கள் சுமார் 14,400 அடங்கும். ஒவ்வொரு கலமும் முறிவு மின்னழுத்தத்துக்குச் சில வோல்ட் மேலே, வெடிக்கத் தயாராக நிறுத்தப்பட்ட டையோடு. ஒரே ஒரு ஃபோட்டான் விழுந்தால் போதும், எலக்ட்ரான் சரிவு கிளம்பிவிடும். தொடரில் உள்ள தணிப்பு மின்தடை அதை அணைத்து, கலத்தை மீண்டும் தயார் நிலைக்குக் கொண்டுவரும். எத்தனை கலங்கள் வெடித்தன என்பதே ஒளியின் அளவு. இதற்கு 30 முதல் 60 வோல்ட் போதும். உச்சத் திறன் 50 சதவீதத்தைத் தாண்டுகிறது. காந்தப்புலம் இதற்குப் பொருட்டே இல்லை. பிஎம்டிக்கோ புவியின் காந்தப்புலமே இடைஞ்சல். ஜப்பானின் சூப்பர்-காமியோகண்டே நியூட்ரினோத் தொட்டியைச் சுற்றிக் கம்பிச்சுருள்கள் ஓடுவது அதை ஈடுகட்டத்தான். இன்னொரு பெரிய வசதி, எஸ்ஐபிஎம்மில் ஒரு ஃபோட்டான், இரண்டு, மூன்று என்று துடிப்புகள் தனித்தனிச் சிகரங்களாகப் பிரிந்து நிற்பது. அளவீடு செய்ய வேறு கருவி வேண்டாம், உணரியே தன் அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுகிறது.

இத்தனை நற்குணங்களும் இரைச்சலோடு சேர்ந்தே வருகின்றன. முதலாவது இருட்டு எண்ணிக்கை, அதாவது ஃபோட்டானே இல்லாமல் வெப்பத்தால் கிளம்பும் சரிவு. நல்ல சில்லுகளில் அறை வெப்பநிலையில் இது சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்கு 50,000 என்ற அளவில் இருக்கும். வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டாவது கிராஸ்டாக்: வெடிக்கும் கலம் தானே சில ஃபோட்டான்களை உமிழ, அவை பக்கத்துக் கலத்தை வெடிக்க வைக்கும். மூன்றாவது ஆஃப்டர்பல்ஸ்: சிலிக்கானின் குறைபாடுகளில் சிக்கிய மின்னூட்டம் சற்றுப் பொறுத்து விடுபட்டு, அதே கலத்தை மறுபடி வெடிக்க வைப்பது. இந்த மூன்றில் எது உங்களைக் கடிக்கும் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும்.

வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகள்

இரவு வானம் முழு இருட்டு இல்லை. விண்மீன் ஒளியும் காற்று மண்டலத்தின் சொந்த ஒளிர்வும் சேர்ந்து, செரென்கோவ் தொலைநோக்கியின் ஒரே ஒரு படப்புள்ளியில் நொடிக்குக் கோடிக்கணக்கான ஃபோட்டான்களைப் பதிய வைக்கின்றன. 36 சதுர மில்லிமீட்டர் சில்லின் இருட்டு எண்ணிக்கையைக் கணக்கிட்டால் நொடிக்கு 18 லட்சம். சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தம் போல அது அமுங்கிப்போகிறது. எஸ்ஐபிஎம்மின் மிகப் பெரிய குறை என்று பேசப்பட்டது இங்கே குறையாகவே ஆவதில்லை.

இதை முதன்முதலில் முழுக் கேமராவாகச் செய்து காட்டியது லா பால்மா தீவில் உள்ள ஃபேக்ட் தொலைநோக்கி. பழைய ஹெக்ரா ஆய்வின் தொலைநோக்கிச் சட்டம் ஒன்றை எடுத்து, 9.5 சதுர மீட்டர் ஆடியும் 1440 படப்புள்ளிகள் கொண்ட சிலிக்கான் கேமராவும் பொருத்தி, 2011 அக்டோபர் முதல் அது வானத்தைப் பார்த்து வந்தது. அது நிரூபித்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நிலவொளியில் பார்க்க முடிந்ததுதான். பிஎம்டியில் வலுவான பின்னணி ஒளி கடைசி டைனோடைத் தேய்த்துவிடும். அதனால்தான் செரென்கோவ் தொலைநோக்கிகளில் பிஎம்டியின் பெருக்கத்தைச் சில பத்தாயிரம் மடங்காகக் குறைத்தே இயக்குகிறார்கள். நிலவு பெருத்த இரவுகளில் மின்னழுத்தத்தை இன்னும் இறக்க வேண்டும், அல்லது மூடிவிட்டுப் படுக்க வேண்டும். எஸ்ஐபிஎம்முக்கு அந்தத் தேய்மானம் இல்லை. மார்க்கேரியன் 421, மார்க்கேரியன் 501 போல எப்போது பொங்கும் என்று தெரியாத விண்மீன் மண்டலங்களை ஆண்டுக்கணக்கில் இடைவெளியின்றிக் கண்காணிக்க நினைப்பவருக்கு இது தீர்மானமான வாதம். சீனாவின் லாசோ ஆய்வகத்தில் 18 அகல்கோணச் செரென்கோவ் தொலைநோக்கிகளுக்கும் தலா 1024 சிலிக்கான் படப்புள்ளிகள் வைத்ததற்கு முக்கியக் காரணமும் நிலவொளி நேரத்தை இழக்கக் கூடாது என்பதே.

அப்படியானால் எல்லாத் தொலைநோக்கிக்கும் சிலிக்கான் என்று எழுதி முடித்துவிடலாமா? முடியாது. செரென்கோவ் ஒளி நீலத்திலும் புற ஊதாவிலும் செறிந்திருக்கிறது. அலைநீளம் கூடக்கூட அதன் அடர்த்தி வேகமாகக் குறையும். வானப் பின்னணி நேர்மாறாக, 550 நானோமீட்டருக்கு மேலே சிவப்பை நோக்கிப் போகப்போக ஏறும். பிஎம்டியின் பூச்சு 600 நானோமீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய குருடு, இந்த வேலைக்கு அந்தக் குருட்டுத்தனம் வரம். சிலிக்கான் 900 நானோமீட்டர் வரை பார்க்கும். கேட்லாக்கில் 50 சதவீதம் என்று மின்னும் திறனில் ஒரு பகுதி, வேண்டாத சிவப்பு ஒளியை வாரிக்கொண்டு வருவதற்கே செலவாகிறது. வடிகட்டி வைத்து வெட்டலாம், ஆனால் வடிகட்டி நீலத்திலும் கொஞ்சம் தின்னும். ஆகவே இரண்டு உணரிகளை ஒப்பிடும்போது உச்சத் திறனை வைத்துப் பார்க்கக் கூடாது. செரென்கோவ் நிறமாலையோடு பெருக்கிய திறனை, வான நிறமாலையோடு பெருக்கிய திறனின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் வித்தியாசம் கேட்லாக்கில் தெரிவதைவிட வெகுவாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது படப்புள்ளியின் அளவு. புதிய தலைமுறைச் செரென்கோவ் தொலைநோக்கி வரிசையான சிடிஏஓ ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கிகளுக்கு 23 மீட்டர் விட்டமுள்ள ஆடி. கேமராவில் 1855 பிஎம்டிகள், ஒவ்வொரு படப்புள்ளியும் 5 சென்டிமீட்டர் அகலம். அந்தப் பரப்பைச் சிலிக்கானால் நிரப்ப வேண்டுமானால் பல சில்லுகளை ஒன்றாக இணைத்து அவற்றின் மின்துடிப்புகளைக் கூட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் சில்லுக்கே மின்தேக்கம் ஆயிரம் பிகோஃபாரடுக்கு மேல். இணைக்க இணைக்கத் துடிப்பு அகன்றுகொண்டே போகும். சில நானோநொடிகளில் முடிந்துவிடும் செரென்கோவ் மின்னலுக்கு அகன்ற துடிப்பு ஆகாது. அதே ஆய்வகத்தின் சிறிய தொலைநோக்கிகளில் ஆடி வடிவமைப்பே வேறு. இரண்டு ஆடிகள் கொண்ட அமைப்பு படத்தைச் சுருக்கித் தருவதால், படப்புள்ளி 6, 7 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது, ஒரு சில்லுக்கு ஒரு படப்புள்ளி. இந்தத் தொலைநோக்கிக்காக உருவான செக் (CHEC) என்னும் கேமரா இரண்டு விதமாகவும் கட்டப்பட்டது, 2048 படப்புள்ளிகள் பலமுனை பிஎம்டியில் ஒன்று, அதே 2048 சிலிக்கானில் ஒன்று. இறுதியில் தேர்வானது சிலிக்கான். ஒளியியலும் உணரியும் ஒன்றையொன்று தேர்ந்துகொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆடியை முடிவு செய்துவிட்டுப் பிறகு உணரியைத் தேடும் குழு, பாதித் தேர்வைத் தெரியாமலே செய்து முடித்திருக்கும்.

ஆகவே சிறிய படப்புள்ளி, நிலவொளி நேரமும் தேவை, ஆற்றல் வரம்பு உயர்ந்தது என்றால் எஸ்ஐபிஎம். பெரிய ஒற்றை ஆடி, பெரிய படப்புள்ளி, இயன்ற அளவு குறைந்த ஆற்றல் வாசல் என்றால் பிஎம்டிக்கு இன்னும் இடம் இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கும் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கியின் 1088 படப்புள்ளிகளும் பிஎம்டிதான்.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. சில சில்லுகளில் முறிவு மின்னழுத்தம் டிகிரிக்கு 54 மில்லிவோல்ட் நகரும். 3 வோல்ட் மிகை மின்னழுத்தத்தில், அதாவது முறிவுக்கு 3 வோல்ட் மேலே, இயக்கும்போது 10 டிகிரி மாற்றம் பெருக்கத்தை 18 சதவீதம் புரட்டிப்போடும். மலை உச்சியில் மாலைக்கும் விடியலுக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு சாதாரணம். ஆனால் இது கட்டுப்படுத்த முடிந்த சிக்கல். வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் பார்த்து மின்னழுத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் சுற்றை ஃபேக்ட் வெற்றிகரமாகச் செய்துவிட்டது. இதற்குப் பயந்து சிலிக்கானை ஒதுக்கத் தேவையில்லை.

பெரிய நீர்த்தொட்டிகளும் பனியும்

இங்கே ஒப்பீடு குறுகியது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஎம்டியின் முகப்பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். அதே பரப்பை அறை வெப்பநிலையில் சிலிக்கானால் மூடினால் இருட்டு எண்ணிக்கை மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 1000 கோடி. பிஎம்டியில் அது சில ஆயிரங்கள் முதல் சில பத்தாயிரங்கள். தொட்டி நீர் குளிர்ந்ததாக இருந்தாலும் இடைவெளி அடைபடாது. தொட்டிக்குள் வானப் பின்னணி என்று ஒன்றும் இல்லை, இருட்டு உண்மையாகவே இருட்டு. ஆகவே உணரியின் சொந்த இரைச்சல் அப்படியே வெளியே தெரியும்.

சூப்பர்-காமியோகண்டேயின் 11,000-க்கும் மேற்பட்ட குழாய்கள், சீனாவின் ஜூனோ நியூட்ரினோக் கருவியின் 17,612 பெரிய குழாய்களும் 25,600 சிறிய குழாய்களும், தென்துருவப் பனிக்குள் ஐஸ்கியூபின் 5,160 உணரிகள் எல்லாமே பிஎம்டி. கண்ணாடிக் குழாய்க்கு அதன் ஆபத்தும் உண்டு. 2001 நவம்பரில் சூப்பர்-காமியோகண்டேயில் ஒரு குழாய் நொறுங்கியபோது எழுந்த அதிர்வலை அடுத்தடுத்த குழாய்களை நொறுக்கி, ஆயிரக்கணக்கானவற்றை அழித்தது. அதன்பின் ஒவ்வொரு குழாய்க்கும் பாதுகாப்பு உறை வந்தது. இருந்தும் மாற்றாகச் சிலிக்கானை யாரும் முன்வைக்காததற்கு மேலே உள்ள கணக்கே போதும். அலைநீளம் மாற்றும் நெகிழித் தகடுகளில் ஒளியைப் பிடித்துச் சிறிய சில்லுக்கு அனுப்பும் ஒளிப்பொறிகள் இருக்கின்றன. அவை சிலிக்கான் பரப்பைக் குறைக்கும், கூடவே நேரத் துல்லியத்தையும் குறைக்கும். ஒளிவளையத்தின் நேரத்தைக் கொண்டே துகளின் திசையைக் காணும் கருவிக்கு அது கசப்பான பேரம்.

குளிர்ந்த திரவங்கள்

சிலிக்கானின் உண்மையான வெற்றி இங்கேதான். அதை வெறும் வெற்றி என்று சொல்லிக் கடக்கவும் முடியாது, ஏனெனில் ஒரே குளிர், ஒரே மாதிரித் திரவம் என்று தோன்றும் இரண்டு ஆய்வுகளில் முடிவு எதிரெதிராக வருகிறது.

திரவ ஆர்கானின் வெப்பநிலை சுமார் 87 கெல்வின். அந்தக் குளிரில் சிலிக்கானின் இருட்டு எண்ணிக்கை சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்கு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அறை வெப்பநிலையோடு ஒப்பிட்டால் பல லட்சம் மடங்கு குறைவு. ஆர்கானில் கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) தேடுபவருக்கு அப்போது எஞ்சும் எதிரி கதிரியக்கம். பிஎம்டியின் கண்ணாடி, உலோகம், பீங்கான் எல்லாவற்றிலும் யுரேனியம், தோரியத்தின் தடயங்கள் உண்டு, கருவியின் மையத்துக்கு மிக அருகில் இருப்பதும் அந்தக் குழாய்தான். சிலிக்கானோ மனிதர் செய்யும் பொருள்களிலேயே மிகத் தூய்மையானவற்றில் ஒன்று. 38 பிஎம்டிகளோடு இயங்கிய டார்க்சைடு-50-க்கு அடுத்து, இத்தாலியின் கிரான் சாசோ சுரங்க ஆய்வகத்தில் கட்டப்படும் டார்க்சைடு-20கே 20 சதுர மீட்டருக்கு மேல் சிலிக்கானுக்குப் போனதற்கு இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்தே பொருந்தும்.

ஆனால் குளிர் வேறு இரண்டு சிக்கல்களைக் கொண்டுவருகிறது. ஆர்கானில் கரும்பொருள் மோதலையும் சாதாரண பீட்டாச் சிதைவையும் பிரிப்பது துடிப்பின் வடிவம். மினுக்கத்தின் ஒரு பகுதி சில நானோநொடிகளில் முடியும், இன்னொரு பகுதி ஒன்றரை மைக்ரோநொடி அளவில் இழுத்துக்கொண்டு வரும். முதல் பகுதியின் பங்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் மோதியது எது என்று சொல்கிறார்கள். குளிரில் ஆஃப்டர்பல்ஸ் கூடும் வழக்கமான சில்லு, தாமதமாகப் போலித் துடிப்புகளைச் சேர்த்து இந்தப் பங்கையே கலைத்துவிடும். பாலிசிலிக்கான் தணிப்பு மின்தடையும் குளிரில் ஏறிக்கொண்டு, கலம் மீண்டெழும் நேரத்தை நீட்டும். இத்தாலியின் எஃப்பிகே நிறுவனம் டார்க்சைடுக்காகக் குளிர் வகைச் சில்லை உருவாக்கியது இந்த நோய்களுக்கு மருந்தாகவே. உள்ளே மின்புலத்தைத் தணித்து ஊடுருவல் இரைச்சலைக் குறைத்தார்கள், ஆஃப்டர்பல்ஸை அடக்கினார்கள்.

மற்றது மின்தேக்கம். டார்க்சைடின் ஓர் ஓடு, அதாவது சில்லுகள் பதித்த ஒரு பலகை, 24 சதுர சென்டிமீட்டர். எல்லாச் சில்லையும் பக்க இணைப்பில் கோத்தால் மின்தேக்கம் ஒரு லட்சம் பிகோஃபாரட் அளவுக்குப் போகும், ஒற்றை ஃபோட்டானின் துடிப்பு அதில் கரைந்துவிடும். தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் கலந்து, குளிருக்குள்ளேயே இயங்கும் பெருக்கியை வைத்துத்தான் இதைத் தாண்டினார்கள். அந்தப் பெருக்கி, அதன் பலகை, மின்தேக்கிகள், இணைப்பிகள், கம்பிகள் ஒவ்வொன்றும் கதிரியக்கத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவரும் வழிகள். சிலிக்கான் தூய்மையானது என்று சொல்லும்போது அதன் பின்னால் இருக்கும் மின்னணுப் பலகையையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

இப்போது செனான். வெப்பநிலை 165 கெல்வின் அளவு, ஆர்கானைவிட 80 டிகிரி சூடு. இங்கே 3 அங்குல பிஎம்டியின் பரப்புக்கு இணையான சிலிக்கானில் இருட்டு எண்ணிக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். செனானுக்கென்றே உருவான பிஎம்டியில் சில பத்துகள்தான். கரும்பொருள் மோதலில் சில ஃபோட்டான்களே வரும், இரண்டு அல்லது மூன்று உணரிகள் ஒரே நேரத்தில் துடித்தால்தான் நிகழ்வு என்று ஏற்பார்கள். இரைச்சல் கூடினால் தற்செயலான ஒருங்குதுடிப்புகள் கூடும். செனான்-என்டி, எல்இசட் ஆகிய இரண்டு பெரிய கருவிகளும் தங்கள் மையக் கலனில் தலா 494 பிஎம்டிகளோடு நின்றதில் வியப்பில்லை.

அதே செனானில் செனான்-136 ஐசோடோப்பின் நியூட்ரினோ இல்லா இரட்டை பீட்டாச் சிதைவைத் தேடும் நெக்ஸோ வடிவமைப்பு நான்கு சதுர மீட்டருக்கு மேல் சிலிக்கானைக் கேட்கிறது. அங்கே தேடும் ஆற்றல் 2458 கிலோ எலக்ட்ரான்வோல்ட், ஆயிரக்கணக்கான ஃபோட்டான்கள் ஒரே வீச்சில் வரும். சில போலித் துடிப்புகள் அதில் ஒன்றும் செய்யாது. ஆனால் ஆற்றலை ஒரு சதவீதத் துல்லியத்தில் அளக்க வேண்டும், கதிரியக்கம் அறவே ஆகாது. அதற்குச் சிலிக்கான் பொருந்துகிறது. அங்கே கவலைப்பட வேண்டியது கிராஸ்டாக்குக்கு, அதிலும் வெளிக் கிராஸ்டாக்குக்கு: ஒரு சில்லின் சரிவு உமிழும் அகச்சிவப்பு ஃபோட்டான் திரவத்தைக் கடந்து எதிர்ச் சுவரில் உள்ள சில்லை வெடிக்க வைப்பது. சுவர் முழுவதும் சிலிக்கானாக இருக்கும் எந்தக் கருவியிலும் இது வரும். சில்லைத் தனியாக மேசையில் வைத்துச் சோதிக்கும்போது தெரியவே தெரியாது.

நடுவழி ஒன்றும் உண்டு. தைஷான் அணுமின் நிலையத்தின் அருகே அமையும் டாவோ கருவி, துகள் பட்டால் மினுங்கும் சிண்டிலேட்டர் திரவத்தை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்து, 10 சதுர மீட்டர் சிலிக்கானால் அதைச் சூழ்கிறது. அறை வெப்பநிலையிலிருந்து 75 டிகிரி இறங்கினால் இருட்டு எண்ணிக்கை நூறு மடங்குக்கு மேல் குறையும். ஜூனோவுக்குத் துணையாக, அதைவிடக் கூர்மையாக ஆற்றலை அளப்பது இதன் வேலை. மையக் கருவிக்குப் பிஎம்டி, துணைக் கருவிக்குச் சிலிக்கான். 20,000 டன் திரவத்தைக் குளிர்விக்க முடியாது, சில டன்களைக் குளிர்விக்க முடியும் என்பதுதான் இந்தப் பிரிவினைக்கு அடிப்படை.

எத்தனை வோல்ட்

எஸ்ஐபிஎம் என்று முடிவான பிறகும் ஒரு தேர்வு மிச்சமிருக்கிறது, அதைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். மிகை மின்னழுத்தத்தை ஏற்றினால் கண்டறியும் திறன் கூடும், ஆனால் ஓரளவுக்கு மேல் அது தேங்கிவிடும். கிராஸ்டாக், ஆஃப்டர்பல்ஸ், இருட்டு எண்ணிக்கை மூன்றும் தேங்காமல் ஏறிக்கொண்டே போகும். ஆற்றல் துல்லியம் தேவைப்படும் கருவிக்கு உச்சப் புள்ளி திறன் தேங்குவதற்கு முன்பே வந்துவிடும். தொலைநோக்கிக்குக் கிராஸ்டாக் வேறு விதமாகக் கெடுதி செய்கிறது: வானப் பின்னணியின் சிறு துடிப்புகளைப் பெரிய துடிப்புகளாக்கி, பதிவைத் தொடங்கும் தூண்டல் வாசலை மேலே தள்ளுகிறது. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் மின்னழுத்தம் பொதுவான ஒன்று; உங்கள் ஆய்வின் மாதிரிக் கணக்கில் இந்த வளைகோடுகளைப் போட்டு, உங்களுக்கான வோல்ட்டைக் கண்டுபிடித்த பிறகே சில்லுகளை ஒப்பிட வேண்டும். வெவ்வேறு நிறுவனச் சில்லுகளை ஒரே மிகை மின்னழுத்தத்தில் வைத்து ஒப்பிடும் அட்டவணைகள் பார்க்க அழகாக இருக்கும், முடிவுக்கு உதவாது.

விண்வெளியில்

எடை குறைவு, உயர் மின்னழுத்தம் இல்லை, கண்ணாடி இல்லை. ராக்கெட்டில் ஏற்ற இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். 2020 டிசம்பரில் ஏவப்பட்ட கீகேம் செயற்கைக்கோள்கள் லாந்தனம் புரோமைடு படிகங்களோடு எஸ்ஐபிஎம்மை வைத்தே காமாக் கதிர் வெடிப்புகளைத் தேட உருவானவை. இங்கே பகை புரோட்டான். சுற்றுப்பாதையில் சிலிக்கானின் படிக அமைப்பைப் புரோட்டான்கள் சிறிது சிறிதாகக் குலைக்க, இருட்டு மின்னோட்டம் மாதத்துக்கு மாதம் ஏறும். அதோடு சேர்ந்து, கருவி பார்க்கக்கூடிய மிகக் குறைந்த ஆற்றலும் மேலே ஏறும். வெடிப்புகள் போன்று நிறைய ஒளி தரும் நிகழ்வுகளுக்கும் சில ஆண்டு ஆயுளுக்கும் சிலிக்கான் சரி. ஒற்றை ஃபோட்டானை நீண்ட காலம் எண்ண வேண்டுமானால், முதல் நாளின் இரைச்சலை வைத்துத் திட்டமிடக் கூடாது. கடைசி ஆண்டின் இரைச்சலை வைத்துத் திட்டமிட வேண்டும்.

கேட்லாக்கா, சொந்த வடிவமைப்பா

ஒரு சதுர மீட்டருக்குள் அடங்கும் தேவைக்குச் சொந்தமாகச் சிலிக்கான் உருவாக்கப் போவது பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து. அர்ஜென்டினாவில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் பியர் ஓஷே ஆய்வகத்தின் நிலத்தடி மியூவான் உணரிகள் முதலில் 64 முனை பிஎம்டியோடு சோதிக்கப்பட்டன. உற்பத்திக் கட்டத்தில் எஸ்ஐபிஎம்முக்கு மாறினார்கள். புதிய சில்லு வடிவமைக்கும் தேவை அங்கே எழவில்லை, ஏனெனில் பிளாஸ்டிக் சிண்டிலேட்டரிலிருந்து இழை வழியே வரும் பச்சை ஒளி சந்தையில் கிடைக்கும் சில்லுக்கே போதுமான அளவில் இருந்தது.

இடையில் ஒரு படி இருக்கிறது: தயாரிப்பாளரிடம் சிறு மாற்றம் கேட்பது. மேல்மூடும் பிசினை நீக்குவது, வடிவத்தை மாற்றுவது. ஜெனீவா பல்கலைக்கழகம் ஜப்பானின் ஹமமாட்சு நிறுவனத்தோடு சேர்ந்து எஸ்எஸ்டி-1எம் தொலைநோக்கிக்காகச் செய்த அறுகோணச் சில்லு இந்த வகை. 1296 படப்புள்ளிகளும் இடைவெளி வீணாகாமல் ஒளிக்குவிப்பானுக்குக் கீழே பொருந்தின. முழுச் சொந்த வடிவமைப்பு என்பது வேறு உலகம். டார்க்சைடில் வடிவமைப்பு எஃப்பிகேயுடையது, பெருவாரி உற்பத்தி எல்ஃபவுண்ட்ரி ஆலையில், ஓடுகளைக் கோக்கக் கிரான் சாசோவிலேயே தனித் தூய அறை. சில்லுகள் வெட்டியெடுக்கப்படும் சிலிக்கான் வட்டான ஒவ்வொரு வேஃபரையும் குளிரில் வைத்துச் சோதிக்க வேண்டும்; அறை வெப்பநிலையில் தேறியது குளிரில் தேறும் என்று உறுதியில்லை. பத்து சதுர மீட்டருக்கு மேல் தேவை, சந்தையில் இல்லாத குணம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டுமே இந்தப் பாதையில் இறங்கலாம்.

எந்தப் பாதையானாலும், நீண்டகாலச் சோதனையைக் குறுக்கக் கூடாது. மியூவானின் அரிய சிதைவைத் தேடும் மெக்-2 ஆய்வு விண்துகள் ஆய்வு இல்லை, ஆனாலும் அதன் அனுபவம் செனானில் சிலிக்கான் வைக்கும் எல்லோருக்கும் பாடம். திரவ செனானில் 4092 புற ஊதாச் சில்லுகளை வைத்து இயக்கியபோது, துகள் கற்றை ஓடும் காலத்தில் புற ஊதாத் திறன் கணிசமாகச் சரிந்தது. சில்லைச் சூடாக்கி மீட்க முடிந்தது, ஆனால் இயக்கத் திட்டத்தையே அதற்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று. சுரங்கத்தில் கதிர்வீச்சு மிகக் குறைவு என்பதால் அதே அளவு சரிவு வராது. இருந்தாலும், உங்கள் அலைநீளத்தில், உங்கள் வெப்பநிலையில், பல மாதங்கள் ஒளியூட்டிப் பார்க்காத சில்லை நம்பி ஆர்டர் போட வேண்டாம்.

டிஜிட்டல் வகை

ஃபிலிப்ஸ் நிறுவனம் 2009-இல் காட்டிய டிஜிட்டல் எஸ்ஐபிஎம்மில் ஒவ்வொரு கலத்துக்கும் அருகிலேயே மின்னணுச் சுற்று இருந்தது. கலம் வெடித்தது, வெடிக்கவில்லை என்பது அங்கேயே ஒன்று, பூஜ்யம் ஆகிவிடும். மின்தேக்கச் சிக்கல் அடியோடு போய்விடும். இன்னொரு அருமையான வசதியும் உண்டு. ஒரு சில்லின் இருட்டு எண்ணிக்கையில் பெரும்பங்கைச் சில கெட்ட கலங்களே தருகின்றன. டிஜிட்டலில் அவற்றை மட்டும் அணைத்துவிடலாம். சுற்று இடத்தை அடைத்துக்கொள்வதால் திறன் குறையும் என்பது பழைய குறை. கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகக் குழு கலங்களை ஒரு தளத்திலும் சுற்றை அதன் அடியில் இன்னொரு தளத்திலும் அடுக்கும் முப்பரிமாண முறையில் அதைத் தீர்க்க உழைக்கிறது. நெக்ஸோ போன்ற கருவிகளை மனத்தில் வைத்துச் செய்யப்படும் வேலை இது.

குளிர்ந்த திரவத்துக்குள் அந்தச் சுற்று எவ்வளவு வெப்பம் விடும் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. சதுர மீட்டர் கணக்கில் பரப்பினால், குமிழி எழாத அளவுக்கு மின்செலவை அடக்க வேண்டும். அது முடிந்துவிட்டால் அனலாக் வகைக்குக் குளிர்க் கருவிகளில் இடம் குறையும் என்றே நினைக்கிறேன். இப்போதே ஆர்டர் கொடுத்தாக வேண்டிய குழு அனலாக்கை எடுக்கட்டும். கட்டுமானம் ஐந்தாறு ஆண்டுகள் தள்ளியிருக்கும் குழு, ஓட்டின் அளவு, தாங்கிச் சட்டம், கம்பி வழி ஆகியவற்றை இரண்டுக்கும் பொருந்தும்படி இப்போதே வரைந்துகொண்டு, சில டிஜிட்டல் ஓடுகளைத் தன் சோதனைத் தொட்டியில் இறக்கி மின்செலவை அளக்கத் தொடங்கட்டும்.